மொழி தெரியாதவர்

கேஸ் ஷீட்டில் நான் எழுதியது இரண்டே சொல்.
ஆங்கிலத்தில் எழுதினேன், தமிழில் சொன்னால்:
மொழி தெரியாதவர்.
கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது.
அவசரத்தில் கிறுக்கியதில்லை
என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அலெம்லா. முப்பத்தொன்று. நாகாலாந்து.
நுங்கம்பாக்கத்தில் முடி வெட்டும் கடை.
பேர் என்ன என்றேன். பார்த்தாள்.
எனக்கே வராத இந்தியில் கேட்டேன். பார்த்தாள்.
ஆங்கிலத்தில் கேட்டபோது உதடு அசைந்தது,
த... த... என்று.
அவர்கள் ஊர்ப் பாஷை போல, என்று நினைத்தேன்.
அவர்கள் ஊர்.
ஒன்பது வருஷமாக அவள் ஊர் சூளைமேடு.

வலது கை கட்டிலின் ஓரத்தில் தொங்கியது.
களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.
"இந்தப் பக்கத்துப் பொண்ணுங்கன்னா
எதுக்கும் போதைக்குப் பாத்துடுங்க சார்"
என்றார் யாரோ, என் குரலிலேயே.
சிறுநீர் அனுப்பினேன்.
ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தேன்.

அதே மதியம்தான் இரண்டாம் கட்டிலுக்கு
வங்கி மேலாளர் ஒருவர் வந்தார்.
நாக்கு ஒருமாதிரி தடிக்குது டாக்டர், என்றார்.
பதினோரு நிமிஷத்தில் ஸ்கேன்.
தள்ளுவண்டியின் ஒரு பக்கம் நான் பிடித்திருந்தேன்.
ஓடத் தெரியாதவன் இல்லை நான்.

அதற்கு முந்தின மாசம் துலுக்காணம்மா,
காசிமேட்டில் மீன் விற்கிறவள்.
வீட்ல ஏதாவது பிரச்சனையாம்மா, என்று கேட்டேன்.
எந்த ஆணிடமும் அதை முதல் கேள்வியாகக் கேட்டதில்லை.
"இருக்குது சார், வூடுன்னா இல்லாமயா?
அதுக்கும் இந்தக் கண்ணுக்கு
எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியறதுக்கும்
இன்னா சம்பந்தம்?"
தூக்க மாத்திரை எழுதினேன்.
அவள் திரும்பி வரவில்லை.
சரியாகிவிட்டதால் என்று வைத்துக்கொண்டேன்.

செண்பகவல்லியை வாசலில் நிறுத்தியிருந்தார்கள்.
அதே கடைக்காரி, விரல் நகத்தில் முடிச்சாயம்.
காவலாளி அந்தப் பக்கம் திரும்பியதும்
உள்ளே வந்துவிட்டாள்.
"யாரு சார் மொழி தெரியாதுன்னது?
என்னைவிட நல்லாத் தமிழ் பேசுவா அவ.
மீட்டருக்கு மேல பத்து ரூபா கேட்டா
ஆட்டோக்காரரையே அழ வெச்சுடுவா.
பதினொண்ணு பத்துக்கு, ஒரு அம்மாவுக்கு முடி வெட்டிட்டே
பேசிட்டு இருந்தவ
பாதிப் பேச்சுல நின்னுட்டா சார்.
பாதிப் பேச்சுல."

ஜன்னலில் சென்ட்ரல் மணிக்கூண்டு.
மூன்று முப்பத்தைந்து.
கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு
நாலரை மணி நேரம்தான் கெடு.
விரல்விட்டு எண்ணினேன்,
எண்ணத் தெரியாதவனைப் போல.

படத்தில் இடப்பக்கம், நெற்றிக்குப் பின்னால்,
ஒரு கொட்டைப்பாக்கு அளவு.
சொற்கள் புறப்படும் இடம்.
தமிழ், ஆவ், ஆங்கிலம்,
கஸ்டமரிடம் பேசும் பாதி இந்தி,
எல்லாவற்றுக்கும் அங்கே ஒரே கதவு.

நாலு மாசம் கழித்து வந்தாள்.
இடது கையால் பை பிடித்திருந்தாள்.
படம் காட்டிப் பேர் கேட்பது வழக்கம்.
சாவி. வரவில்லை. குடை. வரவில்லை.
சீப்பைக் காட்டினேன்.
சீப்பைப் பார்த்தாள். என் தலையைப் பார்த்தாள்,
பக்கவாட்டில், தொழில் முறையில்.
"ஓ... ஓவர்" என்றாள்.
செண்பகவல்லிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
"ஆட்டோவுல சொல்ற வார்த்தை சார்!
அது மட்டும் போகல பாருங்க."
நான் சிரித்தேனா என்று நினைவில்லை.
முடி வளர்ந்துதான் இருந்தது.

அன்று மாலை பழைய கோப்பை வாங்கி
அந்த இரண்டு சொல்லையும் அடித்தேன்.
பக்கத்தில் பேச்சிழப்பு என்று எழுதி
தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.
வெள்ளை மை பூசக் கூடாது, கிழிக்கக் கூடாது.
ஒரே ஒரு கோடு.
அடித்த பிறகும்
அடியில் இருப்பது வாசிக்க வர வேண்டும்,
அதுதான் விதி.